ஹாரோவில் இருந்துகொண்டு எலீஸ் வாங்கலாமா? சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டி

குமரன்_ஹாரோ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஹாரோவில் இருக்கிறேன். வயது 38, மனைவி, ஆறு வயதில் ஒரு மகள். வீட்டுக்கு இரண்டு டன் எடையுள்ள ஒரு எலெக்ட்ரிக் கார் இருக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை.

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் தன் லோட்டஸ் எலீஸ் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தய டிராக்கில் ஓட்டிக் காட்டினார். காலையில் என் வீட்டு வாசலுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்ட அதே வண்டி, பகல் முழுக்க டிராக்கில் ஓடியது. சாயங்காலம் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து என்னைத் திரும்ப வாசலில் இறக்கிவிட்டது. வேகம்கூட என்னை அவ்வளவு அசைக்கவில்லை. இவ்வளவையும் ஒரே வண்டி செய்ததுதான் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. அன்றிலிருந்து இரவு பன்னிரண்டு மணிவரை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வருடமாகச் சேர்த்த 25,000 பவுண்டு கையில் இருக்கிறது. மனைவி சம்மதித்துவிட்டாள், ஒரு நிபந்தனையோடு. டிராக்குக்கு மட்டும் என்று ஒரு வண்டி வாசலில் நிற்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் விட்ஸ்டபிள் கடற்கரைவரை போய்வர அது ஆக வேண்டும். டிரெய்லர் வைக்க இடமில்லை. கராஜ் கிடையாது, திறந்தவெளியில்தான் நிற்கும்.

என் மனதில் இருப்பது 1990-களின் முதல் சீரீஸ் எலீஸ். ஆனால் அதன் எஞ்சினில் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விடும் என்று திரும்பிய பக்கமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கேட்டர்ஹாம் செவன் இன்னும் லேசானது என்கிறார்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 போதும், மீதிப் பணத்தை வைத்துக்கொள் என்பவர்களும் உண்டு. சொந்த வண்டியைப் பந்தய டிராக்கில் ஓட்டவிடும் டிராக் டே வருடத்துக்கு நான்கைந்து போவேன், பந்தயமெல்லாம் எண்ணமில்லை. இந்த நிலையில் எதை வாங்குவது, வாங்கப் போகும்போது எதைப் பார்ப்பது? வைத்திருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


மீனா_கவென்ட்ரி எழுதியது:

குமரன், முதலில் யூலெஸ் கணக்கைப் பாருங்கள், அதாவது அதிகம் புகை விடும் வண்டிக்கு லண்டனில் வாங்கும் தினசரிக் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (வட்டாரங்களும்) அதற்குள் வந்துவிட்டன, ஹாரோவும் சேர்த்து. பெட்ரோல் வண்டி என்றால் யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும். பொதுவாக 2006 முதல் வந்தவை தேறிவிடும், அதற்கு முந்தையவற்றில் சிலதான் தேறும். பதிவு எண்ணைப் போட்டு லண்டன் போக்குவரத்து இணையதளத்தில் பார்த்துவிடலாம். முதல் சீரீஸ் எலீஸைத் தெருவில் இறக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு நள்ளிரவிலிருந்து நள்ளிரவுவரை என்பதால் டிராக் டே அன்று அதிகாலையில் போய் இரவுக்குள் திரும்பினால் ஒரு கட்டணம்தான். வருடத்துக்கு இருபது நாள் எடுத்தால் 250 பவுண்டு. அந்த வண்டிதான் வேண்டும் என்று மனது கேட்டால் இது பெரிய தடை இல்லை, ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

நான் எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், எலீஸ் வைத்திருப்பவர்கள் முதலில் சொல்லட்டும்.


பழைய_எலீஸ் எழுதியது:

குமரன் தம்பி, நான் கென்ட்டில் இருக்கிறேன். வீட்டிலிருந்து பிராண்ட்ஸ் ஹேட்ச் இருபது நிமிடம். 1999-இல் வந்த முதல் சீரீஸ் எலீஸ் ஒன்றை 2009-இல் வாங்கினேன். இன்றும் அதைத்தான் ஓட்டுகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது. எலீஸை 1995-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள். மறு வருடம் நார்ஃபோக்கில் ஹெத்தெல் தொழிற்சாலையில் உற்பத்தி ஆரம்பித்தது. அப்போது லோட்டஸின் தலைவராக இருந்த ரொமானோ ஆர்ட்டியோலியின் பேத்தி பெயர் எலிசா. வண்டியின் பெயர் அதிலிருந்து வந்தது. உங்கள் நண்பரின் வண்டியில் ஏறும்போது ஒரு அகலமான வரம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைத்திருப்பீர்கள். அடுத்த முறை அங்கே குனிந்து பாருங்கள். பெயின்ட் இல்லாத வெறும் அலுமினியம் தெரியும். அச்சில் பிதுக்கி எடுத்த சட்டங்கள் அவை. வெல்டிங் எதுவும் கிடையாது. எபாக்சிப் பசை போட்டு ஒட்டி, மோதலில் அந்தப் பசை உரிந்து வராமல் இருக்க அங்கங்கே திருகாணி முடுக்கியிருப்பார்கள். சட்டங்கள் சேரும் இடத்தில் பசை பிதுங்கி நிற்கும் கோட்டை விரலால் தடவிப் பார்க்கலாம். அந்த சேஸியின் எடை 68 கிலோ. என் எடையைவிடக் குறைவு. முழு வண்டியும் சேர்ந்து 725 கிலோ அளவில்தான் அன்றைக்கு விற்பனைக்கு வந்தது.

இந்த எடையின் அருமை எனக்குப் பிரேக்கில்தான் புரிந்தது. 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவரோடு 800 கிலோ உள்ள வண்டியில் அந்த ஒரு மிதியில் சுமார் 6 லட்சம் ஜூல் ஆற்றல் பெரும்பாலும் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்கும். 1,600 கிலோ வண்டியில் 12 லட்சம். இந்த மிதி ஒரு சுற்றுக்கு நான்கு முறை, ஒரு அமர்வுக்கு பதினைந்து சுற்று வருகிறது. கனமான வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் நான்கைந்து சுற்றில் டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பி, புகைகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு இதுதான் காரணம். அவர்களிடம் 400 குதிரைத்திறன் இருக்கும், என்னிடம் 118. நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பேன். டயருக்கும் இதே கணக்குதான். என் வண்டியின் முன் டயர் அகலம் 185 மி.மீ. மட்டும். ஒரு நாள் முழுக்க டிராக்கில் சுற்றிவிட்டு அதே டயரில் வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் கேட்கிற ‘ஒரே வண்டி’ இதனால்தான் சாத்தியமாகிறது. குதிரைத்திறனைக் கூட்டக் கூட்ட அது கையைவிட்டுப் போகும், பணமும் போகும்.

இவ்வளவு சொல்லிவிட்டு என் முதல் டிராக் டேயில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. பிராண்ட்ஸ் ஹேட்சில் முதல் வளைவான பேடக் ஹில் வலப்பக்கம் திரும்பி அப்படியே பள்ளத்தில் விழும். வண்டிக்கு அடியிலிருந்து தரை நழுவிப் போவது மாதிரி வயிற்றில் ஒரு வெறுமை. அப்புறம் மேட்டில் ஏறி ட்ரூயிட்ஸ் என்ற கொண்டையூசி வளைவு. ஏழாவது சுற்றில் ட்ரூயிட்ஸுக்கு முன் பிரேக்கை மிதித்தேன். கால் ஈரமான பஞ்சுக்குள் இறங்குவது போல இறங்கிக்கொண்டே போனது. மறுபடி மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. மூன்றாவது முறை பிடித்தது. மேடாக இருந்ததால் வேகம் தானாகவும் குறைந்தது, டிராக்கின் வெளி ஓரத்தில் புல்லை உரசிக்கொண்டு தப்பித்தேன். அதே பேடக் ஹில் பள்ளத்துக்கு முன்னால் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

பிட்டில் நின்று மூடியைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் ஒரு இடத்தில் சர்வீஸ் செய்திருந்தேன், மாற்றியதாக ரசீதும் இருந்தது. மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் குறைந்தபட்சம் 155 டிகிரிக்கு வந்துவிடும். கொதித்தால் குழாயில் நீராவி. நீராவி அமுங்கும், கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. சாலையில் வருடக்கணக்கில் இது தெரியாமலே ஓட்டலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச்சிலும் நானே மாற்றுகிறேன். என் மகன் பெடலை மிதிக்க, நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து, பழைய ஆயில் வடியும் நிப்பிள் என்ற திருகைத் திறந்து மூடுவேன். ஒரு மணி நேர வேலை. வாங்கியதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு இது, சக்கரமும் சைலன்சரும் எல்லாம் அப்புறம்.

சரி, ஹெட் கேஸ்கட். முதல் சீரீஸில் இருப்பது ரோவரின் கே சீரீஸ், 1.8 லிட்டர். அற்புதமான லேசான எஞ்சின். அதில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) கொள்ளளவு குறைவு. எலீஸில் எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில்; நடுவே நீளமான குழாய்கள். எஞ்சின் சூடாகி, நீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் அவ்வளவு தூரத்தில் காத்திருந்த குளிர்ந்த நீர் மொத்தமாக உள்ளே பாயும். அந்த அதிர்ச்சியில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே அசைவு வந்து கேஸ்கட் தளரும். ஹெட்டை இடம் பிடித்து வைக்கும் முளைகளும் ஆரம்பத்தில் பிளாஸ்டிக். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட், ஸ்டீல் முளை, இடம் மாற்றிய தெர்மோஸ்டாட் என்று இதற்கு நல்ல தீர்வுகள் வந்துவிட்டன. என் வண்டியில் முந்தைய உரிமையாளரே இதெல்லாம் செய்துவிட்டார், நான் வாங்கியபின் தொந்தரவு இல்லை. ஆனால் பழக்கமும் வேண்டும். குளிர்ந்த எஞ்சினை முறுக்கக் கூடாது. நீர் சூடானால் போதாது, ஆயிலும் சூடாக வேண்டும், அதற்கு இன்னும் பத்து நிமிடமாவது பிடிக்கும்.

இவ்வளவு நேசிக்கிற நானே உங்களுக்கு முதல் சீரீஸைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு கராஜ் இல்லை. வருடத்தில் சில நாள் மட்டும் எடுக்கப்படும் 25 வருட வண்டி திறந்தவெளியில் நின்றால், முதல் இரண்டு வருடம் ஓட்டுவதைவிடப் பழுது பார்ப்பதில் போகும். 2006-லிருந்து வந்த எலீஸ் எஸ் என்பதைத் தேடுங்கள். இரண்டாவது சீரீஸ் உடல், டொயோட்டாவின் 1.8 எஞ்சின், 134 குதிரைத்திறன், 860 கிலோ. ஏபிஎஸ் உண்டு. யூலெஸ் தலைவலியும் பெரும்பாலும் இருக்காது. அதே எஞ்சின் வரிசையில் 189 குதிரைத்திறன் உள்ள 111ஆர் 2004 முதல் உண்டு; எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுழற்சிக்கு மேல் போய், வால்வுகளைத் திறக்கும் கேம் மாறும்போது கத்துகிற கத்தல் உடம்பைச் சிலிர்க்கவைக்கும். ஆனால் அதன் விலை வித்தியாசத்தை டயரிலும் பயிற்சியிலும் போட்டால் நீங்கள் அதைவிட வேகமாக ஓட்டுவீர்கள். மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.


செவன்_கட்டியவன் எழுதியது:

அண்ணன் எலீஸைப் பற்றிச் சொன்னதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. கேட்டர்ஹாம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லோட்டஸ் செவனை அந்த நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்தார். 1973-இல் அதன் உரிமையை கேட்டர்ஹாம் வாங்கியது, இன்றுவரை அதே வடிவம். நான் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வாங்கி என் கராஜில் நானே கோர்த்தேன். நவம்பரில் ஆரம்பித்து மார்ச் கடைசியில் முடித்தேன், வாரக்கடைசிகள் மட்டும். கடைசியில் அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்த் தேற வைத்துத்தான் நம்பர் பிளேட் வாங்க முடியும். ஒரு ஸ்டீயரிங் மூட்டை நான் எத்தனை நியூட்டன் மீட்டரில் முடுக்கினேன் என்பது எனக்குத் தெரியும்; பேடக் ஹில்லில் இறங்கும்போது அந்த நினைவு தருகிற தைரியம் தனி.

லேசு என்றால் அப்படி ஒரு லேசு. 2021-இல் வந்த 170 மாடல் 440 கிலோ. சுசுகியின் 660 சிசி மூன்று சிலிண்டர் டர்போ, 84 குதிரைத்திறன், அவ்வளவுதான். முன் சக்கரம் இரண்டும் திறந்தபடி உங்கள் கண்ணுக்கு முன்னால் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். சாலையில் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் ஏறினால்கூட இடுப்பில் தெரியும். டிராக்கில் இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் உங்கள் மனைவி சொன்ன நிபந்தனையை மறுபடி படித்தேன். எம்25-இல் லாரிக்குப் பக்கத்தில் போகும்போது உங்கள் கண் அதன் சக்கர நட்டுக்கு நேராக இருக்கும். கதவு என்று பேருக்கு ஒரு துணித் தடுப்பு. மழை வந்தால் கூரையை மாட்டுவதற்குள் நனைந்துவிடுவீர்கள். பெடல்கள் நெருக்கமாக இருக்கும், சாதாரண ஷூ போட்டால் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்தே மிதிபடும். எனக்கு ஒல்லியான பந்தய ஷூ இல்லாமல் முடியாது. பக்கவாட்டில் புகைக்குழாய் ஓடுகிற மாடலில் இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்ளாதவர் குறைவு. என் மனைவிக்கு அந்தத் தழும்பு இருக்கிறது. அவளுக்கு இந்த வண்டி பிடிக்கும், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை, வெயில் நாளில் மட்டும். கராஜ் இல்லாமல் திறந்தவெளியில் செவனை நிறுத்த நான் சொல்லவே மாட்டேன். விட்ஸ்டபிள் போய் மீன் சாப்பிட்டுவிட்டு மழையோடு திரும்பி வர எலீஸ்தான் சரி.


குமரன்_ஹாரோ எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நான் எதிர்பார்த்தது ஒன்றிரண்டு வரி. எலீஸ் எஸ் என்று மனது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இரண்டு கேள்வி மட்டும். பார்க்கப் போகும்போது என்னால், மெக்கானிக் அல்லாத ஒருவனால், எதையெல்லாம் கண்டுபிடிக்க முடியும்? நடு எஞ்சின் வண்டி திடீரென்று பின்பக்கம் சுழன்றுவிடும் என்கிறார்களே, உண்மைதானா? வீட்டில் அதைப் பற்றித்தான் பயம்.


பழைய_எலீஸ் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில். உண்மைதான். எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் பயந்துபோய்க் காலைச் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் டயரின் பிடி குறையும், வால் சுற்றிக்கொண்டு வரும். எனக்கு ஒருமுறை பிராண்ட்ஸ் ஹேட்சின் கிளியர்வேஸ் வளைவில் நடந்தது. தப்பு முழுக்க என்னுடையது: வேகமாக உள்ளே போனேன், பயந்தேன், காலை எடுத்தேன். புல்லில் முக்கால் வட்டம் சுற்றி நின்றேன், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வளைவுக்கு முன்னால் நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவுக்குள் லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தபடி போனால் வண்டி அமைதியாக நிற்கும். பழைய டயரும் ஈரமும் சேர்ந்தால்தான் எச்சரிக்கை நேரம் குறையும்.

இனி பார்க்கப் போகும் நாள். விற்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று. குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் ஆக வேண்டும். கிளம்பும் முன்பே எம்.ஓ.டி. என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனையின் சரித்திரத்தை அரசாங்க இணையதளத்தில் பதிவு எண் போட்டுப் படித்துவிடுங்கள். எத்தனை மைல், ஒவ்வொரு வருடமும் எதை எச்சரித்தார்கள் எல்லாம் இலவசமாக அங்கே கிடக்கிறது. விபத்துக்குப் பின் சரிசெய்யத் தகாது என்று காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட வண்டியா என்பதைக் கொஞ்சம் பணம் கட்டிப் பார்க்க வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இந்த சேஸியைத் தட்டி நிமிர்த்தவோ வெல்டிங் வைக்கவோ முடியாது என்பதால் மற்ற வண்டிகளைவிட இங்கே அது முக்கியம்.

ஒரு டார்ச்சும் பழைய பாயும் எடுத்துப் போங்கள். முன்பக்க உடல் முழுவதும் ஒரே ஃபைபர் வார்ப்பு, கிளாம் என்பார்கள், பின்பக்கமும் அப்படியே. பார்க்கிங்கில் யாரோ இடித்த சின்ன விரிசலுக்கும் முழு கிளாமையும் பார்க்க வேண்டி வரும். விளக்கைச் சுற்றி, சக்கர வளைவின் ஓரத்தில், நம்பர் பிளேட்டுக்குக் கீழே டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நூல் மாதிரி விரிசல் தெரியும். ரேடியேட்டர் மூக்கில் படுத்த மாதிரி இருக்கும். அதை மாற்ற முன் கிளாமைக் கழற்ற வேண்டும், கூலி அதில்தான் போகும். அதனால் கூலன்ட் மட்டம், கசிவின் காய்ந்த தடம் இரண்டையும் பாருங்கள். பின் சக்கரத்தின் நேர்க்கோட்டைப் பிடிக்கிற டோ லிங்க் என்ற மெல்லிய கம்பி உண்டு. டிராக்கில் ஓடும் எலீஸில் அதன் மூட்டு தேய்ந்து உடைந்தால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பலமான மாற்றுப் பாகம் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் டிராக்குக்கு முன் போட்டுவிடுங்கள், இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம். இந்த வண்டிகள் குறைவாக ஓடுவதால் பட்டன் தேயாமல் ரப்பர் மட்டும் கிழடாகிவிடும். பார்வைக்குப் புதுசு, பிடியில் மரக்கட்டை. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் நான்கு டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

கதவோரக் கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருக்கும். அதற்காக வண்டியை விட்டுவிட வேண்டாம், எல்லா எலீஸும் கொஞ்சம் ஒழுகும். திறந்தவெளியில் நிறுத்துவதால் காற்றுப் போகிற நல்ல உறை ஒன்று வாங்கிவிடுங்கள்.


மீனா_கவென்ட்ரி எழுதியது:

சொன்னபடி என் பங்கு. என் எம்எக்ஸ்-5 1990-களின் முதல் தலைமுறை, ஒரு டன்னுக்குக் கீழே. அதில்தான் டிராக் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அது விலை மலிவு, பாகங்கள் எங்கும் கிடைக்கும், எதிரி துரு மட்டும். குமரனுக்கு மனது எலீஸில் இருக்கிறது, மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் டிராக் டே பற்றி யாரும் சொல்லாத சில விஷயங்கள்.

உங்கள் சாலைக் காப்பீடு டிராக்குக்குள் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளுக்குத் தனியாக எடுக்கலாம், எடுத்தாலும் முதல் சில ஆயிரம் பவுண்டு நம் கையிலிருந்துதான் போகும். காலையில் சத்தம் அளப்பார்கள். நின்ற நிலையில் 105 டெசிபெல் என்பது பல இடங்களில் வரம்பு, சில நாட்களில் அதைவிடக் கறாராக இருக்கும். முந்தைய உரிமையாளர் சைலன்சரை மாற்றியிருந்தால் ஒரிஜினலையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். முழுக்கைச் சட்டை வேண்டும், ஹெல்மெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முந்துவது முன்னால் போகிறவர் வழிவிட்டால் மட்டும். நேரம் அளக்கக் கூடாது.

முதல் நாள் கட்டாயம் ஒரு பயிற்சியாளரை இருபது நிமிடம் பக்கத்தில் உட்காரவையுங்கள். நான் மூன்று வருடம் தனியாக ஓட்டித் தெரிந்துகொள்ளாததை ஒருவர் ஒரே அமர்வில் காட்டினார்: நான் வளைவின் வாயைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன், அவர் என் தாடையைத் தொடாத குறையாக வெளிவாசலைப் பார்க்கவைத்தார். கை தானாக மென்மையானது.

ஒவ்வொரு அமர்விலும் கடைசிச் சுற்றைப் பிரேக் மிதிக்காமல் மெதுவாக ஓட்டி எல்லாவற்றையும் ஆறவிடுங்கள். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கிற டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொள்ளும். கியரில் விட்டால் போதும்.


குமரன்_ஹாரோ எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நான்கு வண்டி பார்த்தேன். முதலாவதில் நீங்கள் சொன்ன இடத்திலேயே, நம்பர் பிளேட்டுக்குக் கீழே, விரல் நீளத்துக்கு விரிசல். இரண்டாவதை நான் போவதற்குள் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தார், குளிரும்வரை இருக்க முடியுமா என்று கேட்டேன், அவருக்கு அவசர வேலை இருந்தது. மூன்றாவது விலை எட்டவில்லை.

நான்காவது நார்விச்சுக்குப் பக்கத்தில், ஹெத்தெலிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. 2007 எலீஸ் எஸ், கருநீலம், 41,000 மைல், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதினோரு வருடம் வைத்திருந்தது. ரசீதுகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார், டோ லிங்க் மாற்றியதும் அதில் இருந்தது. பாயை விரித்து அடியில் படுத்தபோது அவரும் பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்தார். டயர் 2014-இல் செய்தது. அதைக் காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் விலையில் குறைத்துக்கொண்டார். கார்பெட் ஈரமாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு மனைவியோடு விட்ஸ்டபிள் போய்வந்தோம். திரும்பும்போது ஃபேவர்ஷாம் தாண்டி நல்ல மழை, அவள் பக்கம் கண்ணாடி ஓரத்தில் சொட்டியது, கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை மகளை அவள் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறாள், நான் ரயிலில் வர வேண்டுமாம்.

புது டயர் நாளை மாட்டுகிறேன். பிரேக் ஆயில் சனிக்கிழமை. நான் நிப்பிள், மனைவி பெடல். அடுத்த மாதம் 14-ஆம் தேதி பிராண்ட்ஸ் ஹேட்சின் சின்ன டிராக்கில் ஓட்டப் பதிவு செய்துவிட்டேன், காலை முதல் அமர்வே பயிற்சியாளரோடு.


பழைய_எலீஸ் எழுதியது:

14-ஆம் தேதி நானும் வருகிறேன். வெள்ளி நிற முதல் சீரீஸ், வண்டி நிறுத்தும் இடத்தில் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. டயர் காற்று அளக்கும் மீட்டர் என்னிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம். ஏழரைக்குள் வந்துவிடுங்கள். புது டயர் என்பதால் முதல் சில சுற்று வழுக்கும், பயிற்சியாளரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.